புது பம்ப் போட்டும் ஏற்காடு ஏற்றத்தில் ஸ்டியரிங் இறுகுகிறது

சேர்வராயன் நடை
ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சொந்த வண்டி, ஆறு டயர், 2013 மாடல். நானேதான் ஓட்டுகிறேன். வாரத்துக்கு நாலு நடை ஏற்காடு. ஏறும்போது உரம், சிமெண்ட், மளிகை. இறங்கும்போது காபிக் கொட்டை, மிளகு, சில சமயம் சில்வர் ஓக் மரம்.

போன மாதம் பவர் ஸ்டியரிங் பம்ப், அதாவது ஆயிலை அழுத்தித் தள்ளி ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்ப், போய்விட்டது. இரண்டு வாரம் முனகிக்கொண்டே இருந்தது, அப்புறம் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் விட்டுப் புது பம்ப் போட்டேன். புது ஆயில் ஊற்றி, ஏர் எடுத்து (ஆயிலில் தங்கிய காற்றை வெளியேற்றி), ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். காலையில் வண்டியை எடுத்தால் ஒரு விரலில் திருப்பலாம், அவ்வளவு லேசாக இருக்கிறது.

மலை ஏறினால்தான் பிரச்சினை. முதல் ஐந்தாறு கொண்டை ஊசி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 60 அடி பாலம் தாண்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. வெள்ளிக்கிழமை உர மூட்டையோடு ஏறும்போது ஒரு வளைவில் பாதி திருப்பிவிட்டேன், அதற்கு மேல் ஸ்டியரிங் வரவே இல்லை. மேலே இருந்து ஒரு பேருந்து இறங்கி வந்து நின்றுவிட்டது. கிளீனர் தம்பி குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். இரண்டு கையாலும் இழுத்து, கொஞ்சம் ரேஸ் பண்ணி, எப்படியோ ஒடித்து எடுத்தேன். மேலே போய் இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே எங்கேயும் ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை. பட்டறைக்காரர் "பம்ப் புதுசு, எங்கள் வேலையில் குறை இல்லை" என்கிறார். எங்கே தேடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சங்ககிரி டேங்கர்
ஞாயிறு, இரவு 9:48

அண்ணா, பம்ப் புதுசு என்றால் ஸ்டியரிங் பாக்ஸ்தான், ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பெட்டி. எங்கள் 12 டயர் வண்டிக்கும் இதே கதை. பம்பை மாற்றினோம், போகவில்லை. கடைசியில் பாக்ஸைக் கழற்றி சீல் கிட் போட்ட பிறகுதான் சரியானது. உள்ளே பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால், ஆயில் சூடாகி நீர்த்ததும் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் உள்ளுக்குள்ளேயே ஓடிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்வதும் சூடானால் வருவதுதானே.


செவ்வாய்ப்பேட்டை ஃபிட்டர்
ஞாயிறு, இரவு 10:30

பாக்ஸாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் காசில்லாமல் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

இறுகுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் பம்பை மறந்துவிடலாம், பாக்ஸின் வால்வுப் பக்கம் போகணும். பம்புக்கு இடது வலது தெரியாது.

ரேஸ் பண்ணினால் லேசாகிறதா, இன்னும் இறுகுகிறதா?

மலையில் இருந்து இறங்கியதும், இஞ்சின் ஓடும்போதே ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்தீர்களா? நுரை இருந்ததா?

புது பம்ப் போட்டபோது டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டரை மாற்றினார்களா?

ஏர் எப்படி எடுத்தார்கள்? முன் அச்சை ஜாக்கியில் தூக்கினார்களா, சக்கரம் தரையில் இருக்கும்போதே திருப்பினார்களா?

அப்புறம் ஒன்று. பழைய பம்ப் ஏன் செத்தது என்று யாராவது பார்த்தார்களா? வயதாகிப் போன பம்ப் வேறு, ஏதோ ஒன்று கொன்ற பம்ப் வேறு.


கொல்லிமலை லோடு
திங்கள், காலை 6:15

நாங்கள் 70 கொண்டை ஊசி ஏறுகிறவர்கள், இது எங்களுக்குப் பழக்கம். சூடானால் ஆயில் நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். ஒரு லிட்டர் இஞ்சின் ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள், கெட்டியாக நிற்கும். எங்கள் பக்கம் பலரும் செய்கிறோம்.


செவ்வாய்ப்பேட்டை ஃபிட்டர்
திங்கள், காலை 7:02

தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனாலும் இது தப்பு. அவருடைய வண்டிக்கு ஏடிஎஃப் என்று கையேட்டில் போட்டிருந்தால் ஏடிஎஃப்தான், அந்தச் சிவப்பு ஆயில். இஞ்சின் ஆயிலில் இருக்கும் சேர்மானங்கள் வேறு. கலந்தால் நுரை இன்னும் கூடும். குளிர்ந்த காலையில் கெட்டியாகி, பம்புக்கு வருகிற வழியிலேயே இழுபடும். கெட்டி ஆயில் நோயை மறைக்குமே தவிர தீர்க்காது. மலையில் மறைந்திருக்கும் நோய் ரொம்ப ஆபத்து.


சேர்வராயன் நடை
திங்கள், இரவு 8:20

ஃபிட்டர் அண்ணா, கேட்டதுக்கெல்லாம் பதில் இதோ.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இறுகுகிறது. சூடான பிறகு ரேஸ் பண்ணினால் ஒரு நொடி லேசாகிறது, உடனே முனகல் வந்து திரும்ப இறுகுகிறது. இது நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

நுரை இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மூடியைத் திறந்தால், டீக்கடையில் ஆற்றி ஊற்றிய டீ மாதிரி மேலே ஒரு விரல் கனத்துக்கு இளஞ்சிவப்பு நுரை. இஞ்சினை அணைத்துக் கால் மணி நேரம் விட்டால் அடங்கி, பழையபடி தெளிந்த சிவப்பாகிவிடுகிறது.

ஃபில்டர் மாற்றவில்லையாம், போன் பண்ணிக் கேட்டேன். "ஊதிப் போட்டோம்" என்கிறார்கள். ஏர் எடுத்தது சக்கரம் தரையில் இருக்கும்போது.


செவ்வாய்ப்பேட்டை ஃபிட்டர்
திங்கள், இரவு 9:35

கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது என்றால் அது காற்று. தண்ணீர் கலந்திருந்தால் பால் போட்டதுபோல் கலங்கியே இருக்கும், அவ்வளவு சுலபமாகத் தெளியாது. ஆக உங்கள் ஆயிலில் காற்று இருக்கிறது. அது முதலிலேயே சரியாக எடுக்காமல் தங்கிய காற்றா, ஓடும்போது புதிதாக நுழையும் காற்றா என்பதுதான் கேள்வி.

தங்கிய காற்றாக இருந்தால் ஒழுங்காக ஏர் எடுத்ததும் போய்விடும். அதை முதலில் செய்யுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஃபில்டர் புதுசு போட்டு, டப்பாவில் மேல் கோடு வரை ஆயில் நிரப்புங்கள். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டியரிங்கை ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். டப்பா ஒரு தடவை காலியாகிவிட்டால் முதலில் இருந்துதான். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணி, ஐடிலிங்கிலேயே மறுபடி மெதுவாகத் திருப்புங்கள். முனையில் போய் இடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம். ஐந்து நொடிக்கு மேல் முனையில் அழுத்தினால் பம்ப் முழு அழுத்தத்தில் வெந்துபோகும்.

இவ்வளவும் செய்து இரண்டு நாளில் நுரை திரும்ப வந்தால், காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது.


நாகலூர் தோட்டம்
செவ்வாய், காலை 8:05

நான் மெக்கானிக் இல்லை, ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். அந்த ரோட்டில் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு பைக்கில் கூட்டிப் போகிறேன். கோபிக்காதீர்கள், சரியாகும் வரை லோடு வண்டியை மலையில் ஏற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஸ்டியரிங் முழுசாகவே போய்விட்டால் என்ன ஆகும்?


சேர்வராயன் நடை
செவ்வாய், காலை 8:40

கோபம் எதற்கு? நீங்கள் கேட்டது நியாயம். நேற்றில் இருந்து வண்டி செட்டில்தான் நிற்கிறது. இந்த வார நடைகளைத் தெரிந்த வண்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். காசு போகட்டும், வெள்ளிக்கிழமை பட்டதே போதும்.


மஞ்சவாடிக் கணவாய்
செவ்வாய், காலை 10:12

தோட்டத்து அண்ணாவின் கேள்விக்கு நான் சொல்கிறேன், 20 வருடமாக அரூர் ரோட்டில் ஓட்டுகிறேன். ஹைட்ராலிக் உதவி, அதாவது ஆயில் அழுத்தம், போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற இணைப்பு அறுந்துபோகாது. பாக்ஸில் இருந்து, சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க் கம்பி வரை எல்லாம் இரும்பு. திருப்பலாம், ஆனால் முழு பலத்தையும் போடவேண்டும். லோடு வண்டியில் நின்ற நிலையில் ஒரு ஆளால் ஆகாது, வண்டி உருளும்போது கொஞ்சம் வரும். அதனால் திடீரென்று இறுகினால் பதறாமல், வண்டியை மெதுவாக உருளவிட்டுத் திருப்பி, இடம் கிடைத்ததும் ஓரம் கட்டவேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீசல் மிச்சம் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்குகிறார்கள், சிலர் இஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். இஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரசரும் நிற்கும், பிரேக் அடிக்க அடிக்க டேங்கில் காற்று இறங்கிக்கொண்டே போகும். இறக்கத்தில் கியரில் இருங்கள். தம்பிமார்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.


சங்ககிரி டேங்கர்
செவ்வாய், மதியம் 1:30

பம்ப் சரியான பம்ப்தானா என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு வண்டிக்கு அளவு ஒத்துப்போகிறது என்று வேறு மாடல் பம்பை மாட்டிவிட்டார்கள். மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம், எந்தப் பக்கம் சுற்றும் என்று இருக்கும். லிட்டர் குறைந்த பம்பாக இருந்தால் ஐடிலிங்கில் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.


சேர்வராயன் நடை
புதன், இரவு 7:50

இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். பழையது, புதியது இரண்டிலும் 12 லிட்டர், 130 பார், சுற்றும் பக்கமும் ஒன்றேதான். அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

நேற்று மாலை ஃபில்டர் புதுசு போட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே ஜாக்கியில் தூக்கி ஏர் எடுத்தேன். பழைய ஃபில்டரின் மடிப்புக்குள் விரலை விட்டால் மினுமினுவென்று இரும்புத் தூள், அதோடு கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ. இரண்டு லிட்டர் புது ஆயிலை ஓடவிட்டுக் கழுவினேன்.

சக்கரம் மேலே இருக்கும்போதே டிராக் லிங்க்கைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தேன். முன் சக்கரங்கள் திரும்பும் கிங் பின் இரண்டும் லேசாகவே திரும்புகின்றன, கிரீஸ் அடித்தால் நன்றாக உள்ளே ஏறுகிறது. ஆக இறுக்கம் கீழே இல்லை.

இன்று காலை ஸ்டார்ட் பண்ணினேன், அருமை. சத்தம் இல்லை, நுரை இல்லை. மலைக்குப் போகாமல் செட்டிலேயே கட்டை வைத்து நாற்பது நிமிடம் ஓடவிட்டு, அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருந்தேன். முப்பதாவது நிமிடம் முனகல் ஆரம்பித்தது. மூடியைத் திறந்தால் மறுபடியும் அதே நுரை.


செவ்வாய்ப்பேட்டை ஃபிட்டர்
புதன், இரவு 8:25

நல்லது, இப்போது வழி குறுகிவிட்டது. காற்று உள்ளே வருகிறது, அதுவும் சூடான பிறகு. பம்புக்கு அந்தப் பக்கம், பாக்ஸுக்குப் போகும் ஹோஸில் அழுத்தம் இருக்கும். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே பீச்சும், காற்று உள்ளே வராது. டப்பாவில் இருந்து பம்புக்கு வரும் ஹோஸ்தான் உறிஞ்சுகிற பக்கம். இஞ்சின் ஓடும்போது அங்கே வெளிக்காற்றை விட அழுத்தம் குறைவு, அதனால் ஓட்டை இருந்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். "கசியவே இல்லை" என்று நீங்கள் எழுதியபோதே இது எனக்கு உறுத்தியது.

பம்ப் ஷாஃப்ட் சீல் வழியாகவும் காற்று வரலாம். உங்கள் வண்டியில் பம்ப் ஏர் கம்ப்ரசருக்குப் பின்னால் கியரில் ஓடுகிறது. அந்த சீல் போனால் ஸ்டியரிங் ஆயில் இஞ்சினுக்குள் இறங்கிவிடும், டப்பாவில் குறைந்து இஞ்சின் ஆயில் அளவு ஏறும். டிப் ஸ்டிக்கை ஒரு தடவை பாருங்கள்.

நாளை முடிந்தால் பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கேஜ், அதற்கு அப்புறம் மூடும் வால்வு. ஐடிலிங்கில் வால்வை மூடி, முள்ளைப் பார்த்து, உடனே திறக்கவேண்டும். ஐந்து நொடிக்கு மேல் போகக்கூடாது. குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, சூடான பிறகு ஒரு தடவை. வால்வை மூடினால் பாக்ஸ் கணக்கிலேயே வராது. அப்போதும் முள் ஏறவில்லை என்றால் குறை பாக்ஸுக்கு முன்னால் இருக்கிறது. முள் நன்றாக ஏறி ஸ்டியரிங் மட்டும் இறுகினால், சங்ககிரி அண்ணா சொன்னதுதான் சரி.


சேர்வராயன் நடை
வியாழன், இரவு 9:15

கேஜ் ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் வாடகைக்கு வாங்கி வந்தேன். கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார்.

குளிர்ந்த நிலையில் வால்வை மூடினதும் முள் சட்டென்று 125க்குப் போய் அசையாமல் நின்றது. முப்பத்தைந்து நிமிடம் ஓடினதும் அதே வால்வை மூடினால் முள் 60க்கும் 90க்கும் நடுவில் நடுங்குகிறது. நிற்கவே இல்லை, காய்ச்சல்காரன் கை மாதிரி. இஞ்சின் ஆயில் அளவு சரியாக இருக்கிறது.

கடைக்காரர் குனிந்து, டப்பாவில் இருந்து வரும் ஹோஸை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆயில் ஹோஸே இல்லையே, ரேடியேட்டர் ஹோஸ்" என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரி பக்கம் நடுராத்திரி இந்த ஹோஸ் வெடித்தது. வழியில் ஒரு கடையில் இருந்ததை வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் சம்மதித்தேன், மாற்றவே இல்லை.

கழற்றி, நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிரித்தோம். வெளித்தோல் பளபளவென்று புதுசு மாதிரி. உள்ளே ரப்பர் ஊறி, வீங்கி, வெயிலில் கிடந்த வாழைப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது. பம்ப் பக்கத்து முனையில் இருந்து ஐந்து விரல் தூரத்தில் உள்தோல் ஒரு நாக்கு மாதிரி உரிந்து தொங்குகிறது. பூவைத் தள்ளுவதுபோல் ஒரு விரலால் தள்ளினால் துவாரத்தை முக்கால்வாசி அடைக்கிறது. கிளாம்ப் இருந்த இடத்தில் ரப்பர் கொழகொழத்துப் பள்ளமாகி, கிளாம்ப் இறுக்கமாக இருந்தும் பிடிமானம் இல்லை. ஃபில்டரில் இருந்த கறுப்பு என்ன என்று இப்போதுதான் புரிகிறது.


செவ்வாய்ப்பேட்டை ஃபிட்டர்
வியாழன், இரவு 9:50

அதுதான். ரேடியேட்டர் ஹோஸின் ரப்பர் தண்ணீருக்கும் கூலண்டுக்கும் செய்தது, பெட்ரோலிய ஆயில் பட்டால் ஊறிப்போகும். குளிரில் விறைப்பாக நிற்கும், அதனால் காலையில் எல்லாம் சரியாக இருக்கும். சூடானதும் தொய்ந்து, பம்ப் உறிஞ்சும்போது அந்த நாக்கு மூடிக்கொள்ளும். ரேஸ் பண்ணினால் உறிஞ்சல் கூடி இன்னும் இறுக்கமாக மூடும். நீங்கள் பார்த்த ஒரு நொடி லேசு, உடனே முனகல், எல்லாம் அதுவே. ஆயில் கிடைக்காமல் பழைய பம்ப் காய்ந்து தேய்ந்திருக்கும். புதுசும் இன்னும் ஒரு மாதத்தில் அதே வழிக்குப் போயிருக்கும்.

ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில், உள்ளே கம்பிச் சுருள் வைத்த சக்ஷன் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். சும்மா ஆயில் ஹோஸ் என்று கேட்டால் கம்பி இல்லாததைக் கொடுத்துவிடுவார்கள், அது உறிஞ்சலில் சப்பிப்போகும். கிளாம்ப் இரண்டும் புதுசு. டப்பாவைக் கழற்றி அடியைத் துடையுங்கள். புதிதாகப் போட்ட ஃபில்டரையும் ஒரு மாதம் கழித்து மறுபடி மாற்றுங்கள். பழைய பம்பின் தூளும் ரப்பரும் முதலில் பாக்ஸுக்குள் போய்த்தான் திரும்பி வரும் வழியில் ஃபில்டருக்கு வரும், அதனால் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்.


சங்ககிரி டேங்கர்
வியாழன், இரவு 10:20

பாக்ஸைக் கழற்றச் சொன்னேன், வீண் செலவு வைக்கப் பார்த்தேன், மன்னிக்கவும் அண்ணா. எங்கள் வண்டியில் பாக்ஸுக்கு சீல் கிட் போட்டபோது இந்த ஹோஸையும் சேர்த்தேதான் மாற்றினார்கள். எது சரிசெய்தது என்று இப்போது யோசிக்கிறேன்.


சேர்வராயன் நடை
ஞாயிறு, மாலை 6:40

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மாற்றி, ஏர் எடுத்து, செட்டில் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டேன். சூட்டில் முள் 120ல் அசையாமல் நின்றது. சனிக்கிழமை காலி வண்டியில் ஒரு தடவை, இன்று ஐந்து டன் உரத்தோடு ஒரு தடவை ஏறிவிட்டு வந்தேன். 60 அடி பாலத்தில் இருந்து மனசு அடித்துக்கொண்டது. 20 கொண்டை ஊசியும் ஒரே கனத்தில் திரும்பின. மேலே ஏரி பக்கம் நிறுத்தி மூடியைத் திறந்தேன், ஆயில் நாட்டு ரோஜா நிறத்தில், ஒரு குமிழி இல்லாமல் இருந்தது. கிளீனர் தம்பி இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து அவனும் எட்டிப் பார்த்தான்.

ஃபிட்டர் அண்ணா, செவ்வாய்ப்பேட்டைக்கு வரும்போது நேரில் வந்து பார்க்கிறேன். தோட்டத்து அண்ணா, இனி அந்த ரோட்டில் என் வண்டியைப் பார்த்தால் பயப்படவேண்டாம்.


கொல்லிமலை லோடு
ஞாயிறு, இரவு 8:00

இதைப் படித்துவிட்டு என் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். என்னுடையதும் ரேடியேட்டர் ஹோஸ்தான், அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இஞ்சின் ஆயில் கலந்ததில் முனகல் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே ஆயிலையும் மாற்றப்போகிறேன். ஹோஸ் என்ன அளவு வாங்கவேண்டும்?


சேர்வராயன் நடை
ஞாயிறு, இரவு 8:15

என் வண்டி அளவு உங்களுக்குப் பொருந்துமா தெரியாது அண்ணா. பழைய ஹோஸ் ஊறி வீங்கியிருக்கும், அதை அளக்கவேண்டாம். டப்பாவிலும் பம்பிலும் இருக்கிற இரும்புக் குழாயின் வெளி அளவைக் காலிப்பரில் எடுங்கள், அதுதான் ஹோஸின் உள் அளவு. நீளத்தை நூல் வைத்து வளைவோடு அளந்து, இரண்டு விரல் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். சைலன்சர் பக்கம் உரசாமல் ஒரு பட்டி போட்டுக் கட்டுங்கள்.